வழக்கும் வேதமும்

எங்கள் ஊராகிய கொடும்பாளூர், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்குத் தெற்கே உள்ளது. இங்குள்ள மூவர் கோயிலைக் காண வரும் பிள்ளைகளிடம், “மூவர் என்போர் யாவர்?” என்று கேட்பது என் வழக்கம். சேர, சோழ, பாண்டியர் என்று தயங்காமல் விடை கூறுவோர் பலர். கோயிற் சுவரில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டோ வேறு கூறுகிறது. பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் தலைவன் தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை என்போர் பெயராலும் எடுத்த மூன்று விமானங்கள் இவை. இரண்டு இன்றும் நிற்கின்றன; மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

வாய்மொழியை எழுத்தோடு வைத்துப் பார்ப்பது வரலாற்று மாணவனுக்கு முதற் பாடம். ஆயினும் எழுத்து இருந்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணற்க. இதே கல்வெட்டைக் கற்ற அறிஞர்களில் ஒரு சாரார் விக்கிரமகேசரியை ஒன்பதாம் நூற்றாண்டினன் என்றனர். மற்றொரு சாரார் பத்தாம் நூற்றாண்டினன் என்றனர். கல் ஒன்றுதான்; அதனிடம் கேட்ட கேள்விகள் வேறு.

இவ்வெண்ணத்தோடு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ சமயத்தின் வரலாற்றை நோக்கினால் ஒரு பெரும் வழக்கு நம் கண்முன் விரிகிறது. முன்னோர் விட்டுச் சென்ற வழக்கத்தை வேதத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது அச்சமயத்தின் பழைய கொள்கை. காணிக்கை நேர்ந்துவிட்டோம் என்று சொல்லிப் பெற்றோரைக் காவாது விடும் வழக்கத்தை இயேசு கடிந்தார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறும். பெரோயா நகரத்தார், பவுலே வந்து போதித்தபோதும், அவர் சொல் மெய்தானா என்று நாள்தோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தனர். இதற்கு வேதம் மக்கள் கையில் இருக்க வேண்டுமன்றோ? தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715-இல்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு செய்த மொழிபெயர்ப்பு அது.

ஆனால் வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி குடுமியும் பூணூலும் சந்தனமும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு ஆகுமா என்ற வினாவை எழுப்பினார். இவை தெய்வ வழிபாட்டைச் சேர்ந்தனவா, நாட்டு நாகரிகத்தைச் சேர்ந்தனவா என்பதே அவர் வைத்த உரைகல். நாட்டைச் சேர்ந்தனவாயின் தடையில்லை என்றார். 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரெகோரி அதற்கு இசைந்தார்.

இவ்வுரைகல் நல்லதே, ஆயின் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சாதியும் “நாட்டு வழக்கம்” என்ற பெயரோடு அவ்வோட்டையின் வழியே உள்ளே நுழைந்துவிட்டது. 1704-இல் புதுச்சேரிக்கு வந்திருந்த போப்பின் தூதர் தெ தூர்னோன், தமிழ்க் கிறிஸ்தவரிடையே வழங்கிய பல பழக்கங்களைத் தடுத்து ஓர் ஆணை பிறப்பித்தார். திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி முதலியன அதில் அடங்கும். அவற்றினிடையே ஒரு விதி என் நெஞ்சை விட்டு நீங்காதது: பறையர் என ஒதுக்கப்பட்டோர் நோயுற்றுக் கிடந்தால், குருமார் அவர்தம் வீட்டினுள் சென்றே திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது. சாகக் கிடப்பவன் குடிசைக்குள் குரு செல்ல ஓர் ஆணை வேண்டியிருந்தது! எங்கள் மாவட்டத்து ஆவூரில் பணியாற்றிய பூஷே பாதிரியார், இவ்வாணைக்கு மாறாக வாதிட லைனெஸ் என்பாருடன் ரோமாபுரி வரை சென்றார். வழக்கு நாற்பதாண்டு நீண்டு, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையால் முடிவுற்றது.

சீர்திருத்த சபையினரிடத்தும் இதே கதைதான். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஆலயம் ஒன்று. ஆனால் அமரும் இடம் சாதிக்கொன்று. புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயரும் இதை வலிந்து மாற்ற முயன்றாரில்லை. 1798-இல் அவர் மறைந்தபின், பெரியவர் பொறுத்தது என்பதே ஒரு மரபாயிற்று.

அவரிடம் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864); பெத்லகேம் குறவஞ்சி பாடியவர்; சரபோசி மன்னரின் ஆதரவு பெற்ற பெருங்கவிஞர். புதிய மிஷனெரிமார் வந்து செய்த மாறுதல்களைக் கொடுமைகள் என்று எண்ணி அவர் எழுதினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. சாதிகளை வலிந்து கலந்தது ஒன்று. மலர்களை விலக்கியது ஒன்று. தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் தடுத்தது ஒன்று.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இருதரப்பாரும் செய்த பிழை என்பது என் கருத்து. வந்தவர், “இவை எங்கிருந்து வந்தன? புறச்சமயத்திலிருந்து, ஆகவே தள்ளுக” என்றனர். இருந்தவர், “இவை எங்கிருந்து வந்தன? எம் நாட்டிலிருந்து, ஆகவே கொள்க” என்றனர். இருவரும் கேட்டது பிறப்பிடத்தை. வேதமோ மாலையையும் இராகத்தையும் எங்கும் பழிக்கவில்லை. ஆனால் யாக்கோபின் நிருபம், இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும், கந்தையோடு வரும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை அது நேருக்கு நேர் கண்டிக்கிறது. தஞ்சை ஆலயத்தின் இருக்கைக்கு இதனினும் தெளிவான தீர்ப்பு வேண்டுமோ? அங்கே கேட்கப்படுவது, வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதன்று. பக்கத்தில் இருப்பவனை அது என்ன செய்கிறது என்பது.

1826-இல் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர் இவ்விஷயத்தைப் பொறுமையோடு ஆராய விரும்பினார். ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் காலமானார். பின்வந்த பேராயர் தானியேல் வில்சன் பொறுக்கவில்லை. 1833 ஜூலையில், சபையில் சாதி வேற்றுமை உடனே, அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். துரைமாரிடையே பிரபுவும் ஏவலனும் ஒரே பந்தியில் உண்கின்றனரோ என்ற வாதமும் எழுந்தது. வாதம் கூர்மையானது; துரைமார் அதை எண்ணிப் பார்த்திருக்கலாம். ஆயினும் பிறர் குற்றம் நம் குற்றத்தைக் கழுவுவதில்லை. இது கிறிஸ்தவர் வீட்டுக் கதை என்று கேட்டிருப்போர், மதுரை மீனாட்சி கோயிற் கதவு எல்லாருக்கும் திறந்தது 1939-இல்தான் என்பதை நினைவிற் கொள்க.

வேதத்தைக் கொண்டு வழக்கங்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தவர் இல்லாமற் போகவில்லை. மதுரையில் பணி செய்த அமெரிக்க மிஷன் 1847-இல் தன் ஊழியர் அனைவரும் சாதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தது. மறுத்தோர் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அதே மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், 1853-இல் ஆலயத்தில் பாடுதற்கென ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அதில் இடம்பெற்றவை பெரும்பாலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களே. அப்போது சாஸ்திரியாருக்கு வயது எழுபத்தொன்பது.