அமெரிக்க வீட்டுவசதிக் கொள்கை: கலைச்சொற்களின் வரலாறு

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வீட்டுவசதிக் கொள்கையில் இருவகைக் கலைச்சொற்கள் வழங்குகின்றன. பொது வீட்டுவசதி, பிரிவு 8, வவுச்சர் ஆகியவை அரசு உதவி சார்ந்தவை. ரெட்லைனிங், நியாயமான வீட்டுவசதி, பாதுகாக்கப்பட்ட வகுப்பு, ஏற்றத்தாழ்வான விளைவு ஆகியவை பாகுபாடு சார்ந்தவை. இவ்விரு வகைச் சொற்களுக்கும் ஒரே வரலாறு உண்டு. 1930களில் அரசு பெரிய அளவில் வீட்டுவசதிக்கு உதவத் தொடங்கியபோது, அந்த உதவி யாருக்கு எங்கே கிடைக்கும் என்பதை இனம் பெருமளவில் தீர்மானித்தது. பாகுபாட்டை எதிர்க்கும் சொற்களில் பல, அந்தத் தவற்றைத் திருத்தும் முயற்சியில் பிறந்தவை.

இனத் தடை உடன்படிக்கை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில நகரங்கள், கறுப்பினத்தவர் எந்தத் தெருக்களில் குடியேறலாம் என்பதை நகரச் சட்டத்தின் மூலமே வரையறுத்தன. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் இயற்றிய அத்தகைய சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன்பின் தனியார் பத்திரங்கள் அந்த வேலையை ஏற்றன. வீட்டைக் கறுப்பினத்தவர் போன்றோருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று சொத்துப் பத்திரங்களில் எழுதப்பட்ட நிபந்தனையே இனத் தடை உடன்படிக்கை எனப்படுகிறது.

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இத்தகைய நிபந்தனை இருந்த ஒரு வீட்டை ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வாங்கியது. அண்டை வீட்டார் வழக்குத் தொடர்ந்தனர். ஷெல்லி எதிர் கிரேமர் எனப்படும் அவ்வழக்கில், இந்த உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பு, மக்கள் தாமாக இத்தகைய நிபந்தனைகளை எழுதுவதையோ பின்பற்றுவதையோ தடை செய்யவில்லை.

ரெட்லைனிங்

பெருமந்தக் காலத்தில் தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு உதவ, 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் அமைக்கப்பட்டது. இக்கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்தது. அவற்றில் குடியிருப்புப் பகுதிகள் கடன் தருவதற்கான ஆபத்தின்படி நான்கு நிறங்களில் காட்டப்பட்டன. பச்சை மிகச் சிறந்த பகுதியையும், அடுத்து நீலம், மஞ்சள் என இறங்கி, சிவப்பு மிக ஆபத்தான பகுதியையும் குறித்தன. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தன.

1934இல் தோன்றிய கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடனுக்குக் காப்பீடு அளித்தது. குறைந்த முன்பணமும் நீண்ட தவணையும் கொண்ட கடன் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியதற்கு இக்காப்பீடு ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த நிர்வாகத்தின் மதிப்பீட்டுக் கையேடு, இனங்கள் கலந்து வாழும் பகுதிகளைக் குறைத்து மதிப்பிட்டதோடு, இனத் தடை உடன்படிக்கைகளையும் பரிந்துரைத்தது. கழகத்தின் வரைபடங்கள் வங்கிகளின் முடிவை எந்த அளவுக்குப் பாதித்தன என்பதில் வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காப்பீட்டு விதிகளின் தாக்கம் பெரியது என்பதில் அவ்வளவு வேறுபாடு இல்லை.

ஒரு பகுதியில் வசிப்போரின் இனத்தைக் கருதி அப்பகுதிக்கே கடனையும் காப்பீட்டையும் மறுக்கும் வழக்கம் பின்னாளில் ரெட்லைனிங், அதாவது சிவப்புக் கோடிடல் என்று பெயர் பெற்றது. அமெரிக்கக் குடும்பங்களுக்குச் சொந்த வீடே முதன்மையான சேமிப்பு. கடன் மறுக்கப்பட்ட குடும்பம் வீட்டோடு அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லக்கூடிய சொத்தையும் இழந்தது.

பொது வீட்டுவசதி

1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசுக்குச் சொந்தமான வாடகை வீடுகள் கட்ட நிதி அளித்தது. உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்கள் அவற்றைக் கட்டி நிர்வகித்தன. ஓர் ஊர் விரும்பினால் மட்டுமே அங்கே ஆணையம் அமையும் என்பதால், பல புறநகர்கள் பொது வீட்டுவசதியைத் தவிர்க்க முடிந்தது. தொடக்ககாலக் குடியிருப்புகள் பல இனவாரியாகப் பிரிக்கப்பட்டவை. அட்லான்டாவில் 1936இல் திறக்கப்பட்ட டெக்வுட் ஹோம்ஸ் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அமெரிக்கக் குடும்பத்துக்கும் தகுந்த வீடு என்பதைத் தேசிய இலக்காக அறிவித்தது. குடிசைப் பகுதிகளை அகற்றவும் அதே சட்டம் நிதி அளித்தது. பின்னர் நகர்ப் புதுப்பிப்பு எனப்பட்ட இத்திட்டத்தில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பல இடிக்கப்பட்டன.

செயின்ட் லூயிஸ் நகரின் புரூயிட்-ஐகோ குடியிருப்பு இக்காலத்தின் அடையாளமாகப் பேசப்படுகிறது. கட்டடக் கலைஞர் மினோரு யமசாகி வடிவமைத்த இக்குடியிருப்பில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் இருந்தன. 1950களின் நடுப்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட அவற்றை இடிக்கும் பணி 1972இல் தொடங்கியது. பொது வீட்டுவசதியின் பராமரிப்புச் செலவு பெரும்பாலும் வாடகையிலிருந்தே வர வேண்டியிருந்தது. குடியிருப்போரின் வருமானம் குறையக் குறைய ஆணையங்கள் வாடகையை உயர்த்தின, பழுதுபார்ப்பையும் தள்ளிப்போட்டன. இதற்குத் தீர்வாக 1969இல் வந்த புரூக் திருத்தம், வாடகை குடும்ப வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 1981இல் இது 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

நியாயமான வீட்டுவசதி

1965இல் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை உருவானது. அதன் முதல் செயலர் ராபர்ட் வீவர், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் குடியிருப்புப் பாகுபாட்டை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் கடன் தருவதிலும் இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை இச்சட்டம் தடை செய்தது. இவ்வாறு சட்டம் பெயர் குறித்துப் பாதுகாக்கும் பிரிவினரைப் பாதுகாக்கப்பட்ட வகுப்பு என்பர். 1974இல் பாலினமும், 1988இல் உடற்குறை அல்லது மனக்குறை, குழந்தைகள் உள்ள குடும்பம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கறுப்பினத்தவர் வரப்போகிறார்கள் என்று பயமுறுத்தி வெள்ளையரிடம் மலிவாக வீடு வாங்கும் தரகு முறைக்கு பிளாக்பஸ்டிங் என்று பெயர். வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்துக் குறிப்பிட்ட பகுதி வீடுகளை மட்டும் காட்டுவது ஸ்டீயரிங். இரண்டும் இச்சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை.

பிரிவு 8, வவுச்சர்

1974ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உதவியின் திசையை மாற்றியது. அரசே வீடு கட்டுவதற்குப் பதிலாக, தனியார் வீட்டின் வாடகையில் ஒரு பகுதியை அரசு செலுத்தும் முறை வந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இது சேர்க்கப்பட்டதால் பிரிவு 8 என்ற பெயர் நிலைத்தது. இன்று இதன் முக்கிய வடிவமான வீட்டுத் தெரிவு வவுச்சரில், குடும்பம் பொதுவாகத் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கட்டுகிறது. மீதியை, நிர்ணயித்த வரம்புக்குள், வீட்டுவசதி ஆணையம் வீட்டு உரிமையாளருக்குச் செலுத்துகிறது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த உதவியைப் பெறுகின்றன.

உதவியும் நீதியும் ஒன்று சேர்ந்த முக்கிய நிகழ்வு சிகாகோவின் கோட்ரோ வழக்கு. பொது வீடுகளைக் கறுப்பினத்தவர் பகுதிகளிலேயே கட்டுவதை எதிர்த்து 1966இல் டோரதி கோட்ரோ உள்ளிட்ட குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு இது. இதற்கான பரிகாரம் நகர எல்லையைக் கடந்து புறநகர்களுக்கும் செல்லலாம் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பயனாக ஏறத்தாழ 7,000 குடும்பங்கள் வாடகை உதவியுடன் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன.

ஏற்றத்தாழ்வான விளைவு

ஒரு விதியில் இனம் பற்றிய பேச்சே இல்லாமல் இருக்கலாம். ஆனால் நியாயமான காரணமின்றி அது ஒரு பிரிவினரை மட்டும் பெரிதும் பாதித்தால், அதுவும் பாகுபாடே என்பது இக்கோட்பாடு. நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் இதன் அடிப்படையில் வழக்குத் தொடரலாம் என்பதை 2015இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. டெக்சஸ் மாநிலத்தில் மலிவு வீடுகளுக்கான வரிச்சலுகை எந்தப் பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பது பற்றிய வழக்கில் அத்தீர்ப்பு வந்தது.

இன்றைய இடைவெளி

இருவகைச் சொற்களும் இன்னும் முழுமையாக இணையவில்லை. வாடகை உதவி, தகுதியுள்ள குடும்பங்கள் அனைத்துக்கும் கிடைக்கும் உரிமை அன்று. நிதி உள்ள அளவுக்கே வழங்கப்படுவதால், தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே கூட்டரசின் உதவி கிடைக்கிறது. மற்றவை ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியலில் இருக்க நேரிடலாம். வவுச்சர் கைக்கு வந்த பின்னும், அதை ஏற்கும் வீட்டு உரிமையாளரைத் தேட வேண்டும். வருமானத்தின் மூலம் எது என்பது கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட வகுப்புகளில் இல்லை. ஆகவே, சில மாநிலங்களும் நகரங்களும் தடை செய்திருந்தாலும், மற்ற பல இடங்களில் வவுச்சர் வைத்திருக்கிறார் என்ற காரணத்துக்காகவே ஒருவருக்கு வீடு மறுக்கப்படலாம். அரசு தரும் உதவி ஒரு குடும்பத்தை எந்தத் தெருவரை கொண்டு சேர்க்கும் என்ற 1930களின் கேள்வி, வேறு சொற்களில் இன்றும் தொடர்கிறது.