கூச்சலுக்குள் புதைந்திருந்த பாட்டு



பழைய பாட்டிலிருந்து குரலைத் தனியாக, மேளத்தைத் தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருளைப் பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கரோக்கி செய்ய வசதியான விளையாட்டுப் பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறீர்கள். இதன் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1964 ஆகஸ்ட் 23. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாலிவுட் பௌல் என்ற திறந்தவெளி அரங்கம். மேடையில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். எதிரே பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அவர்கள் கிறீச்சிட்டுக் கொண்டே இருந்தார்கள். மேடையில் பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க வைக்கும் ஒலிபெருக்கி அவர்களுக்குக் கிடையாது. டிரம்ஸ் வாசித்த ரிங்கோவுக்கு முன்னால் நிற்பவர்களின் அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்ததாம்.

கேபிடல் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இந்தக் கச்சேரியை மூன்று தடங்கள் கொண்ட நாடாவில் பதிவு செய்தது. 1965 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் அதே அரங்கில் மீண்டும் பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கூச்சல். நாடாக்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

பல ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவற்றை வெளியே எடுத்துச் சீர்செய்தார். 1977-ல் 13 பாடல்களுடன் இசைத்தட்டு வந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அவராலும் கூச்சலைப் பிரிக்க முடியவில்லை. பாடுகிறவருக்கு வைத்த மைக்கில் டிரம்ஸும் விழும், கிடாரும் விழும், கூட்டத்தின் சத்தமும் விழும். கலந்த பிறகு பிரிப்பது எப்படி? அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரிக்கும் என்று வகுப்பில் படித்தோமே, அப்படி ஒரு பறவை அன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை.

இத்தனைக்கும் நம் காது இதைத் தினமும் செய்கிறது. கல்யாண மண்டபத்தில் நூறு பேர் பேசினாலும் பக்கத்தில் இருக்கும் மாமா சொல்வது நமக்குப் புரிகிறது. இது எப்படி நடக்கிறது என்று இங்கிலாந்து அறிஞர் காலின் செர்ரி 1953-ல் ஆராய்ந்து எழுதினார். அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1990-களில் வந்த ஒரு முறைக்கு, எத்தனை ஒலிகள் உண்டோ அத்தனை மைக்குகளாவது வேண்டும். ஹாலிவுட் பௌல் நாடாவிலோ மொத்தமே மூன்று தடங்கள்தான்.

வழி கண்ணில் இருந்தது. ஒலியைப் படமாக வரையலாம். படுக்கைவாட்டில் நேரம், செங்குத்தாகச் சுருதி, சத்தத்தின் அளவுக்கு ஏற்ப நிறம். அந்தப் படத்தில் டிரம்ஸ் அடி நேர்க்கோடு போலவும், பாடும் குரல் நெளியும் இழைகள் போலவும் தெரியும். தனித்தனியாகப் பதிவான பாடல்களைக் கணினிக்குக் கொடுத்து, "இது குரல், இது டிரம்ஸ்" என்று பழக்குகிறார்கள். இதற்காகவே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட மியூஸ்டிபி18 என்ற தொகுப்பில் 150 பாடல்கள் உண்டு. ஒவ்வொன்றும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்து வைத்தது. பழகிய கணினி, புதிய பாட்டின் படத்தில் எந்தப் புள்ளி யாருடையது என்று கணிக்கிறது. கணிக்கிறது என்ற சொல்லை மனதில் வையுங்கள். இரண்டு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் அது தவறவும் செய்யும்.

லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஜேம்ஸ் கிளார்க் என்ற மென்பொருள் வல்லுநர் இந்தப் பிரிப்பு வேலையில் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் உதவியோடு ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின், அதே ஹாலிவுட் பௌல் பதிவுகளை மறுபடி கலந்தார். 2016 செப்டம்பரில், கூடுதலாக நான்கு பாடல்களுடன் அது வெளிவந்தது. தந்தை அதே ஆண்டு மார்ச் 8 அன்று காலமாகிவிட்டார். கைல்ஸ் கூச்சலை முழுவதும் துடைத்து எறியவில்லை, தாழ்த்தி மட்டும் வைத்தார். எனக்கு அது சரியாகவே பட்டது. அந்தக் கூச்சலும் வரலாறுதான். அதை எடுத்துவிட்டால் அது 1964 கச்சேரி ஆகாது.

அடுத்தது 2021. பீட்டர் ஜாக்சன் 'கெட் பேக்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 1969 ஜனவரியில் ஒற்றைத் தடத்தில் பதிவான ஏராளமான ஒலிநாடாக்களை அவர் குழு மென்பொருளால் பிரித்தது. அப்போது ஒரு செய்தி வெளிவந்தது. தங்களைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்த பீட்டில்ஸ், அந்தரங்கமாகப் பேசும்போது வேண்டுமென்றே கிடார் சத்தத்தைக் கூட்டிவைத்தார்களாம். மென்பொருள் கிடாரை நீக்கியதும் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஜாக்சனே பேட்டியில் சொன்னது இது. மறைத்துப் பேசியதை ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்க நமக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி நம் வீட்டுக்கும் வந்தது. 1984-ல் நடந்த என் தங்கை கல்யாணத்து நாகஸ்வரக் கச்சேரி ஒரு கேசட்டில் இருந்தது. தம்பி மகன் அதைக் கணினியில் ஏற்றி மேளத்தையும் பேச்சையும் பிரித்தான். "பெரியப்பா, பின்னாடி பாட்டியும் பெரிய அத்தையும் பேசுறது கேக்குது" என்றான். எங்கள் அம்மா குரலைக் கேட்டு இருபது வருடம் ஆயிற்று. நான் கண் கலங்கினேன். பேசியதோ சீர்வரிசை பற்றிய ஒரு மனத்தாங்கல். அதில் பேர் அடிபட்ட ஒருவர் இன்றும் நம்மோடு இருக்கிறார். குடும்பக் குழுவில் போடட்டுமா என்றான். வேண்டாம் தம்பி, நாகஸ்வரத்தை மட்டும் போடு என்றேன். அம்மா தங்கையைக் கூப்பிடும் ஒரு வரியை மட்டும் தங்கைக்குத் தனியே அனுப்பினோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 1970-களில் லெனன் தன் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிய ஒரு கேசட்டை, 1995-ல் மற்ற மூவரும் முழுப் பாட்டாக்க முயன்று கைவிட்டார்கள். பியானோ குரலை மூடியது, இரைச்சலும் இருந்தது. மென்பொருள் குரலைப் பிரித்துத் தந்த பிறகு, 'நவ் அண்ட் தென்' என்ற பெயரில் 2023 நவம்பர் 2-ல் அது வெளியானது. 2025-ல் கிராமி விருதும் பெற்றது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் செத்தவர் குரலைப் போலியாகச் செய்துவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். அப்படி அல்ல, பாடியது லெனன்தான். இருப்பதைப் பிரிப்பது வேறு, இல்லாததை உருவாக்குவது வேறு. இரண்டுக்கும் இன்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 முதல் ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் பூஞ்சை பிடிக்கும் முன் கணினியில் ஏற்றுங்கள். பிரித்த பிறகும் முழுப் பதிவை அழிக்காதீர்கள், கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி மேல் ஆண்டு, இடம், பாடியவர் பெயர் எழுதுங்கள். உள்ளே யாருடைய பேச்சாவது இருந்தால், மற்றவர்க்கு அனுப்பும் முன் ஒரு தடவை முழுக்கக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்