வல்லும் நாயும்: ஆட்டத்தில் இடரும் காப்பும்

தொல்காப்பிய எழுத்ததிகாரம் ‘வல்’ என்னும் சொல் ‘நாய்’, ‘பலகை’ என்பவற்றோடு புணரும் முறையைத் தனியே விதிக்கின்றது. ஈண்டு நாய் விலங்கன்று; சூதாடு காய். இலக்கணம் விதி வகுக்குமளவுக்கு இவ்வாட்டம் வழக்கில் ஊன்றியிருந்தது.

காயை நகர்த்துவதில் எழும் சிக்கலை நம்மிடையே வழங்கும் தாயத்தைக் கொண்டு உணரலாம். குறுக்குக்கோடிட்ட கட்டத்தில் நிற்கும் காயை எதிரி வெட்ட இயலாது. ஆயின் அங்கேயே நிற்பவன் பழமெடுப்பதுமில்லை. வெளியேறி எங்கே நிற்பது? நான்கு சோகிகளும் இருபுறமும் ஒப்ப விழுமெனக் கொண்டால், விழக்கூடிய 16 வகைகளுள் இரண்டு மலர்வன 6. நான்கும் மலர்வது 1. எனவே, ஓர் எறிவைப் பொறுத்தவரை, எதிரியின் காய்க்கு இரண்டு கட்டம் முன்னே நிற்பதிலும் நான்கு கட்டம் முன்னே நிற்பதே காப்புடையது. (சோகி அவ்வாறு ஒப்ப விழுவதில்லை என்பதை ஆடுவோர் அறிவர்.)

சூதை ஊழோடு மட்டும் பிணைத்துப் பேசும் வழக்கம் இக்கணக்கறிவை மறைத்துவிடுகின்றது. திருக்குறளின் சூது அதிகாரம் முதன்மையாகப் பொருளிழப்பைப் பேசுவது. அது உடைமையாளனின் அச்சம். புறநானூற்றின் 52ஆம் பாட்டோ வேறொன்றைக் காட்டுகின்றது. நரைத்த முதியோர் பொதியிலில் நாயை இட்டிட்டுக் குழிந்த வல்லரங்கு. ஊர் பாழானபின் அக்குழிகளிற் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. பாட்டு வேந்தனின் வெற்றியைப் புகழ்வதே. எனினும், காய்க்கு நேரும் இடரை நாள்தோறும் எடைபோட்ட அம்முதியோருக்குப் போரின் இடரை எடைபோடும் உரிமை இருக்கவில்லை என்பதும் அதிலேயே பதிவாகியுள்ளது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது திருநெல்வேலியின் திண்ணைகளும் ஆளற்றுப்போயின.