மாங்கனீசு சிலிசைடின் ஏ-கட்டம்: இரு புள்ளிகளும் ஆறு புள்ளிகளும்

மாங்கனீசு சிலிசைடு ஏறத்தாழ 29 கெல்வினுக்குக் கீழே சுருள்காந்தமாகிறது என்பதும், அச்சுருளின் அலைநீளம் சுமார் 18 நானோமீட்டர் என்பதும் 1976 முதல் அறிந்தவை. அதே ஆண்டில் குசாகா குழுவினர் மீயொலியால் ஆராய்ந்த கட்ட வரைபடத்தில், மாறுவெப்பநிலையை ஒட்டி, 0.1 முதல் 0.2 டெஸ்லா வரையிலான புலத்தில் ஒரு சிறு பகுதி தனித்து நின்றது. பின்னாளில் ஏ-கட்டம் எனப்பட்ட அப்பகுதிக்குக் கிரிகோரியேவ் குழுவினர் 2006-ல் தந்த விளக்கத்தையே இக்கட்டுரை மறுக்கிறது.

கூம்புக் கட்டத்தில் சுருளின் அலைதிசையன் புலத்தை ஒட்டிச் செல்கிறது. ஏ-கட்டத்தில் அது 90 பாகை திரும்பிப் புலத்துக்குச் செங்குத்தாகப் படுத்துவிடுகிறது; கட்டம் மாறினாலும் சுருள் ஒற்றைச் சுருளாகவே நீடிக்கிறது. இது அவர்கள் வாசிப்பு. 1995-ல் லெபெக் குழுவினரும் இதற்கு நெருக்கமாகவே எழுதியிருந்தனர். நியூட்ரான் சிதறலில் புலத்துக்குச் செங்குத்தாகத் தெரிந்த இரு புள்ளிகளே முதன்மைச் சான்று. அப்புள்ளிகளை நான் ஐயுறவில்லை. அவற்றிலிருந்து ஒற்றைச் சுருளுக்குத் தாவியதில்தான் பிழை.

அன்றைய வழக்கமான அமைப்பில் புலம் நியூட்ரான் கற்றைக்குச் செங்குத்தாக இருந்தது. சிறுகோணச் சிதறலில் உணரி காண்பதோ கற்றைக்குச் செங்குத்தான தளத்தை மட்டும். புலத்துக்குச் செங்குத்தான தளத்தில் ஆறு புள்ளிகள் வளையமாக அமைந்திருந்தால், அவ்வளையம் உணரித் தளத்தை ஒரே கோட்டில் வெட்டும். வட்டத் தட்டை விளிம்பிலிருந்து பார்ப்பது போன்ற நிலை இது. அக்கோட்டில் விழும் இரு புள்ளிகள் மட்டும் பதிவாகும். மற்ற நான்கும் உணரிக்கு வாரா. ஆகவே 2006-இன் தரவு ஒற்றைச் சுருளுக்கும் அறுபுள்ளி வளையத்துக்கும் சமமாகவே பொருந்துகிறது.

2009-ல் மியூல்பவர், ஃப்ளைடரர், ரோஷ் முதலியோர் கார்ஷிங் அணு உலையில், மீரா கருவியில், புலத்தைக் கற்றையின் திசைக்கே திருப்பினர். ஆறு புள்ளிகளும் தெரிந்தன. படிகத்தை எத்திசையில் வைத்தாலும் அவை புலத்துக்குச் செங்குத்தான தளத்திலேயே நின்றன.

ஆயினும் ஓர் எதிர்வாதம் எழலாம்: 60 பாகை இடைவெளியில் மூன்று ஒற்றைச்சுருள் களங்கள் கலந்திருந்தாலும் ஆறு புள்ளிகள் கிடைக்குமே? 2006-இன் வாசிப்பைக் காக்க விரும்புவோருக்கு இதைவிட வலுவான வாதம் இல்லை. நான் இதை ஏற்கவில்லை. புலம் கனசதுர விளிம்பை ஒட்டி இருக்கும்போது, செங்குத்துத் தளத்தில் படிகம் அலைதிசையனைப் பிடிக்கக்கூடிய முகமூலைவிட்டத் திசைகள் இரண்டே. அவை ஒன்றுக்கொன்று 90 பாகையில் உள்ளன. படிகத்தின் பிடிப்பால் களங்கள் பிரிந்திருந்தால் நான்கு புள்ளிகளே தெரிந்திருக்க வேண்டும். 60 பாகையைப் படிகம் தரவில்லை. மூன்று அலைகளின் பிணைப்பே தருகிறது. மூன்று அலைதிசையன்களின் கூட்டுத்தொகை சுழியாகும்போது, அவை புலம் உண்டாக்கும் சீரான காந்தமாக்கத்தோடு இணைந்து ஆற்றலைக் குறைக்க முடியும். புலமற்ற நிலையில் ஏ-கட்டம் இல்லாமைக்கும் இதுவே காரணம். கூம்புக் கட்டத்தை அது முந்துவதற்கு மாறுவெப்பநிலையருகே வெப்ப ஏற்ற இறக்கங்களின் துணையும் வேண்டும்.

இதுவும் சமச்சீர் வாதமே. நேரடிச் சான்று ஆகாது. அதை 2011-ல் ஆடம்ஸ் குழுவினர் தந்தனர். இரட்டைச் சிதறலைப் பிரித்தெடுத்த பிறகும் உயர்வரிசைப் புள்ளிகள் எஞ்சின என அவர்கள் காட்டினர்; தனித்தனிக் களங்களின் வெறும் கலப்பு இவற்றைத் தராது. 2013-இன் தன்வெப்ப அளவீடு ஏ-கட்டத்தின் எல்லை முதல்வகை மாற்றம் என உறுதிசெய்தது. ஆனால் அது என் வாதத்துக்கு உதவாது: சுருள் வெறுமனே 90 பாகை திரும்பினாலும் முதல்வகை மாற்றம் நேரலாம். 2010-ல் நுண்ணோக்கி காட்டிய, ஸ்கைர்மியான் எனப்படும் காந்தச் சுழிகளையும் நான் சான்றாகக் கொள்ளவில்லை. அவை இரும்பு–கோபால்ட் சிலிசைடின் மெல்லிய தகட்டில் கண்டவை.

எனவே இந்த அறுகோண அமைப்பின் கண்டுபிடிப்புக்கு ஒரே ஆண்டைக் குறிக்கத் தயங்குகிறேன். 1976-ல் கட்டம் தெரிந்தது. 1989-ல் போக்தானோவும் யாப்லோன்ஸ்கியும் இத்தகைய சுழிகளைக் கோட்பாட்டில் முன்வைத்தனர். 2009-ல் அறுகோணம் வெளிப்பட்டது. கிரிகோரியேவ் குழுவினரே 2014-ல் அறுகோண அமைப்பை எடுத்துக்கொண்டு, அது நெருங்கி அடுக்கிய ஸ்கைர்மியான் துகள்களா, இருபரிமாண அலைக்கோப்பா என வினவினர். அவர்களின் 2006-ஆம் ஆண்டு விடையை மறுக்கும் என்னால், இக்கேள்வியை மறுக்க இயலவில்லை.