கஞ்சிக் கலயமும் கழிச்சல் நோயும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையை 1885இல் ஆய்ந்தறிந்தவர் வில்லியம் கேமரன். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலையில் காடழித்துக் கொழுந்து கொய்தோருள் தமிழர் பலர்.

அவர்தம் லயத்து வீடுகளில் குழந்தைக்குப் பேதி கண்டால், முதலில் கைகொடுத்தது தாயகத்திலிருந்து உடன்வந்த பாட்டி வைத்தியமே. மாதுளந்தோல், கொய்யாக் கொழுந்து, ஓமம், பால் கலவாத தேநீர் ஆகியன அதன் மருந்துகள். துவர்ப்பு, போக்கை ஓரளவு தணிக்கும்; ஆயின், உடல் இழந்த நீரையும் உப்பையும் மீட்டுத் தாராது. குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அவ்விழப்பே. நீர் கொடுத்தால் போக்கு மிகும் என்றஞ்சி வாயைக் கட்டியது பெரும்பிழையாயிற்று. நரம்புவழி உப்புநீர் ஏற்றவோ மருத்துவமனை வேண்டும். மலைத்தோட்டத்தார்க்கு அஃது எளிதன்று.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. ஏற்றுநீர் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு, 4க்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் உப்பைக் குடற்சுவருக்குள் அழைத்துச் செல்ல, நீரும் உடன் செல்லும் என்பதே இதன் அடிப்படை.

உப்பிட்ட கஞ்சிநீரும் இந்நெறியினதே. அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகிறது. ஆகவே, பாட்டியின் சிறந்த மருந்து துவர்ப்புக் கஷாயத்தில் இல்லை. கஞ்சிக் கலயத்தில் இருந்தது. அதனை அளவறிந்து ஊட்டக் கற்பித்ததே புதிய மருத்துவம் எனலாம்.