தீர்வு மையச் சிகிச்சையும் தற்சார்பு வாழ்வும்

தீர்வு மையச் சிகிச்சை என்பது ஒருவருடைய பிரச்சினையின் காரணத்தைத் தேடுவதற்கு முன், அவர் விரும்பும் வாழ்வு எப்படியிருக்கும், அதில் எவ்வளவு ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது என்று கேட்டுத் தொடங்கும் உளவியல் ஆலோசனை முறையாகும். ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் தம்பதியர் தம் சக ஊழியர்களுடன் 1978இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய சிகிச்சை மையத்தில் இது உருவானது. ஷேசர் முன்பு சாக்சபோன் வாசித்தவர். பெர்க் கொரியாவில் பிறந்தவர்.

இவர்கள் கோட்பாட்டை எழுதி வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து ஆலோசனைகளைக் கவனித்தார்கள். பயன்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். 1982இல் ஒரு குடும்பம் 27 பிரச்சினைகளை அடுக்கியது. எதிலிருந்து தொடங்குவது என்று புலப்படாத குழு, உங்கள் வாழ்வில் எவை தொடர வேண்டுமென்று விரும்புகிறீர்களோ அவற்றை அடுத்த சந்திப்பு வரை கவனித்து வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பியது. திரும்பி வந்த குடும்பம் நிலைமை நன்றாகவே மாறியிருப்பதாகக் கூறியது. 'அதிசயக் கேள்வி'யும் இப்படித்தான் பிறந்தது. அதிசயம் நடந்தால்தான் உண்டு என்று ஒரு பெண் சலித்துக்கொள்ள, அது இன்றிரவே நடந்துவிட்டால் நாளை எதைக் கண்டு தெரிந்துகொள்வீர்கள் என்று பெர்க் கேட்டார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கலிபோர்னியாவின் பெர்க்லியில், சிகிச்சை நிபுணர்கள் அல்லாத சிலர் தம் வாழ்வைக் குறித்து இதையொத்த கேள்வியை எழுப்பியிருந்தனர். அவர்களில் முதன்மையானவர் எட் ராபர்ட்ஸ். 14 வயதில் போலியோ தாக்கியதால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் என்னும் சுவாசக் கருவிக்குள் உறங்கியவர். இவரால் ஒருபோதும் வேலை செய்ய முடியாது என்று கூறி மாநில மறுவாழ்வுத் துறை முதலில் உதவித்தொகை மறுத்தது. 1962இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது விடுதியில் அக்கருவிக்கு இடமில்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கினார். அவரும் நண்பர்களும் சேர்ந்து 1972இல் தற்சார்பு வாழ்வு மையத்தை நிறுவினர். 1975இல் ராபர்ட்ஸ் அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநரானார்.

தானே சட்டை மாட்டிக்கொள்வதல்ல தற்சார்பு, யார் எப்போது எப்படி உதவ வேண்டும் என்று தானே முடிவெடுப்பதே தற்சார்பு என்பது இவ்வியக்கத்தின் வரையறை. இரு முயற்சிகளும் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை அல்ல. ஆயினும் வாழ்பவரே தன் வாழ்வின் நிபுணர் என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதுகுத்தண்டு காயத்தால் சக்கர நாற்காலியில் இருக்கும் இளம்பெண் தனி வீட்டில் வாழ விரும்புகிறார், தாய் அஞ்சுகிறார். 0 முதல் 10 வரையான அளவுகோலில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் 3 என்கிறார். ஏன் 0 இல்லை? மின்கட்டணத்தைத் தானே கட்டுகிறார். தன்னைத் தூக்கி அமர்த்தும் உதவியாளருக்கு எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 4 ஆனால் அம்மா எதைக் கவனிப்பார்? இரண்டு நாள் அம்மா ஊரில் இல்லாதபோது வேளைக்கு மருந்தும் சாப்பாடும் தவறவில்லை என்பதை. அடுத்த வாரம் முயல ஒரு வேலை கிடைத்துவிட்டது. கடைசிக் கேள்விதான் இதில் மிக முக்கியமானது என்று தோன்றுகிறது. தாயின் அச்சத்தை எதிர்த்து வாதிடாமல், அதைத் தணிக்கக்கூடிய அடையாளத்தை அது தேடுகிறது.

ஆனால் அந்த வீட்டு வாசலில் 6 படிகள் இருந்தால் எந்தக் கேள்வியும் அவற்றை இடிக்காது. தடை முழுவதும் மனத்தில்தான் என்பதுபோல ஆலோசகர் பேசினால் அது அநீதி. பெர்க்லியினர் சாய்தளத்துக்காகவும் உதவியாளர் ஊதியத்துக்காகவும் அரசிடம் போராடினர். மில்வாக்கி மையம் தொடங்கிய அதே 1978இல், அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் நாடெங்கும் தற்சார்பு வாழ்வு மையங்களுக்கு நிதி வழங்க வழிசெய்தது. மாற்றுத்திறனாளிகள் சக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஆலோசனை இன்றும் அம்மையங்களின் அடிப்படைச் சேவைகளில் ஒன்று.