செப்புத் தகட்டில் செங்கோல்

நீலசந்திராவில் வாழும் நம்மவருள், கிருஷ்ணராசேந்திர சந்தையை அடுத்து எஞ்சிநிற்கும் பழங்கோட்டையின் வாயிலைக் காணாதார் அரியர். 1791 மார்ச்சு 21ஆம் நாள் இரவில் காரன்வாலிசு பிரபுவின் படை திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றிய கோட்டை அது. அப்படையோடு இராபர்ட் ஹோம் என்னும் ஓவியரும் வந்தார். வாளின் பின்னே தூரிகையும் வந்தது எனலாம்.

மறு ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் திப்பு பணிய நேர்ந்தது. நாட்டில் பாதி, மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய், அதற்குப் பிணையாகப் பெற்ற மக்கள் இருவர். ஏறத்தாழப் பத்து வயதினனான அப்துல் காலிக்கும் எட்டு வயதினனான முயிசுத்தீனும் 1792 பிப்ரவரி 26ஆம் நாள் ஒப்படைக்கப்பட்டனர். நம் திண்டுக்கல்லும் பாராமகாலும் கும்பினியார் கைக்கு மாறியது இவ்வுடன்படிக்கையால்தான்.

இக்காட்சியை ஹோம் தீட்டினார். இந்திய மண்ணை மிதித்தறியாத மேதர் பிரௌனும் இலண்டனிலிருந்தே தீட்டினார். அதனை டேனியல் ஓர்ம் செப்புத் தகட்டில் செதுக்கினார். செதுக்கிய பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் ஒரே உருவம் பலநூறு படிகளாகும். அவ்வாறு பரவிய உருவம் யாது? முத்தும் மணியும் அணிந்த சிறுவர்களைத் தந்தைபோல் வரவேற்கும் காரன்வாலிசு! பிணையாகப் பிடித்த செயல் அங்கே அரவணைப்பாகிவிட்டது. எந்தத் தந்தை மகனைக் கடனுக்கு ஈடாக வைத்துக்கொள்வான்? அச்சிறுவர் தந்தையிடம் மீண்டது 1794இல்தான்.

திப்புவும் ஓவியத்தின் ஆற்றலை அறியாதவர் அல்லர். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினிப் படை தோற்றதனை, பல்லக்கில் கிடக்கும் தளபதி பெய்லியோடு, தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டுவித்தார். ஆயின் சுவர் நகராது, வந்தவரே கண்டனர். தாளோ கடல் கடந்து வீடுதோறும் தொங்கிற்று.

பெங்களூர்ப் பேட்டை வாயிலில் 1791 மார்ச்சு 7ஆம் நாள் மடிந்த மூர்ஹவுசையும் ஹோம் தீட்டினார். அப்படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தனர். 1809இல் இங்குப் பாளையம் அமைந்தபோது அத்தகையோரின் வழியினரே குடிபெயர்ந்தோருள் பலர். ஹோமின் படத் தலைப்பில் உள்ள பெயரோ மூர்ஹவுசு ஒருவருடையதே.